முந்தாநாள் கரைசல்

மிக்ஸியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாக ஓட்டினேன். முருங்கை விதைகள் முதலில் தகரத்தில் கல் விழுந்த மாதிரி தடதடத்தன. பிறகு சத்தம் இறங்கி மாவாகிவிட்டது.

"ஜாரை நல்லாக் கழுவி வைங்க," என்றாள் மனைவி, கதவோரம் நின்றபடி. "நேத்து தக்காளி அரைச்சேன். கசப்பு."

"மூணு தடவை கழுவினேன்."

"நீங்க கழுவின பிறகுதான் நான் அரைச்சேன்."

இந்த ஊருக்கே குடிதண்ணீரைத் தெளியவைத்துக் கொடுப்பவன் நான். இந்த வாக்கியத்தை வீட்டில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அன்று சாயங்காலம் எங்கள் குழாயில் தண்ணீர் செங்கல் நிறத்தில் வந்தது. அதற்குப் பிறகு சொல்வதில்லை.

நீரேற்று நிலையத்தில் எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை. இருபத்தாறு வருடம் ஆகிறது. கல்லூரியில் வேதியியலில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறியவன். நேர்முகத் தேர்வில், "படிகாரம் எதுக்குப் பயன்படும்?" என்று கேட்டார்கள். முகம் மழித்த பிறகு தடவிக்கொள்ள என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. அன்று நேர்முகத்துக்கு வேறு யாருமே வரவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 'படிகாரம்' என்ற பெயர் மட்டும் நிலையத்தில் எனக்கு நிரந்தரமாகிவிட்டது. வேலை நிரந்தரமாக மேலும் ஒன்பது வருடம் பிடித்தது.

காலை ஆறரைக்கு ஆற்றுத் தண்ணீரை ஆறு கண்ணாடிக் குடுவைகளில் எடுப்பேன். ஒவ்வொன்றிலும் படிகாரக் கரைசலை வேறு வேறு அளவில் ஊற்றுவேன். ஆறிலும் துடுப்பு மாதிரி ஒன்று சுழலும். ஒரு நிமிடம் வேகமாக, இருபது நிமிடம் மெதுவாக. மண் பஞ்சு மாதிரித் திரண்டு அடியில் இறங்கும். எதில் தண்ணீர் நன்றாகத் தெளிகிறதோ அந்த அளவைப் பலகையில் எழுதுவேன். பம்ப்காரர் அதைப் பார்த்துத் தொட்டியில் படிகாரம் விடுவார். என் வாழ்க்கையில் நான் தைரியமாக எடுத்த முடிவுகள் எல்லாமே இந்தப் பலகையில் இருபத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் வந்துவிடும்.

படிகாரம் லேசில் கரையாது. அதனால் முதல் நாளே கரைத்துவைத்துவிட வேண்டும். இது நிலையத்தின் முறை. எனக்கு இது வேலையோடு நிற்காமல் குணமாகவே ஆகிவிட்டது. எட்டு மணி பேருந்துக்கு ஏழு மணிக்கே போய் நிற்பேன். ஒரு நண்பர் மகளின் கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டேன். உள்ளே வேறு யாருடைய கல்யாணமோ நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை விதை அரைத்ததும் அப்படித்தான். சோதனை புதன்கிழமை. ஓடு உரித்த வெள்ளைப் பருப்பை மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு பாட்டிலில் அடைத்தேன். மேலே சீட்டு ஒட்டித் தேதியும் எழுதினேன். அந்தப் பாட்டிலின் மேல் எண்பது வீடுகளின் குடிதண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

அந்த எண்பது வீடுகளும் ஓடைக்கு அந்தப் பக்கம். என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். அங்கே ஒரு சின்ன நீர்த்தொட்டி, ஒரு மணல் வடிகட்டி, ஒரு குளோரின் பீப்பாய். மூன்றையும் பார்த்துக்கொள்வது அவள்தான். படிகார மூட்டை இங்கிருந்து லாரியில் போகும். போன மழையில் தரைப்பாலம் பதினோரு நாள் தண்ணீருக்குள் இருந்தது. மூன்றாம் நாள் படிகாரம் தீர்ந்தது. ஐந்தாம் நாள் மணல் முழுவதும் சேறு அடைத்துக்கொண்டது. ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். தங்கையின் சின்ன மகள் வயிற்றுப்போக்கில் மூன்று நாள் சலைன் பாட்டிலோடு கிடந்தாள். அவளையும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள்.

அலுவலகம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. சின்ன நிலையத்தை மூடிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்புவது. லாரியும் அதே தரைப்பாலத்தின் மேல்தான் போயாக வேண்டும். கோப்பை முழுவதும் படித்துப் பார்த்தேன். அதில் தரைப்பாலம் என்ற சொல்லே இல்லை.

அது பற்றிய கூட்டத்தில் நான் கை தூக்கினேன். இருபத்தாறு வருடத்தில் கூட்டத்தில் கை தூக்கியது அது இரண்டாவது முறை. முதல் முறை, மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்காக. முருங்கை விதை தண்ணீரைத் தெளியவைக்கும், அங்கே வீட்டுக்கு வீடு முருங்கை மரம் இருக்கிறது, மழையில் படிகாரம் வராத நாட்களை அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்றேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பாதியில் தூங்கிவிட்டேன். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

பொறியாளர் மேடம் எங்கள் நிலையத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"எனக்குக் கண்ணால காட்டுங்க," என்றார். "அந்த ஓடைத் தண்ணி வடிகட்டிக்குப் போறதுக்கு முன்னாடி பத்து யூனிட்டுக்குக் கீழ வரணும். வந்தா மூட வேணாம்னு எழுதறேன். வெள்ளிக்கிழமை கோப்பு மேல போகுது. அதுக்கப்புறம் என் கையில இல்ல."

கலங்கலை யூனிட்டில்தான் அளப்போம். மழைக்கு முந்திய நாளிலேயே அந்த ஓடையில் நூற்றெண்பது இருக்கும்.

வீட்டில் நான்கு முறை செய்து பார்த்திருந்தேன். நான்கு முறையும் நன்றாக வந்தது. மனைவிக்கு மிக்ஸி உடனே வேண்டும், அடுப்படி உடனே வேண்டும். அதனால் அரைத்த கையோடு ஊற்றிப் பார்த்து முடித்தேன். வெற்றி அந்த அவசரத்தில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். நான்காவது முறை முடிந்த அன்றே தங்கைக்குப் போன் போட்டு, ஓடு உரிப்பதிலிருந்து வடிகட்டுவது வரை முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அவள் "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை மேடம் போன் செய்தார். வேறு வேலை வந்துவிட்டது, நாளை வருகிறேன் என்றார். நல்லது என்றேன். பாட்டிலை ஆய்வக ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்; சாயங்காலம் அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஜன்னலில் மதியம் முழுவதும் வெயில் அடிக்கும். படிகாரக் கரைசலை அங்கே ஒரு வாரம்கூட வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

வியாழக்கிழமை தங்கை முதல் பேருந்திலேயே வந்துவிட்டாள். இடுப்பில் பத்து லிட்டர் கேன், ஓடைத் தண்ணீர். தோளில் ஒரு துணிப்பை நிறைய விதை.

"விதை எதுக்கு?" என்றேன். "நான்தான் எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கேனே."

"இருக்கட்டும்ணா. மேடம் பார்க்கணும்னு கேட்டா?"

பம்ப்காரர் எட்டிப் பார்த்தார். "படிகாரம், இன்னையோட உங்க பேரை மாத்திடலாமா? முருங்கைக்காய்னு வெச்சா உடம்புக்கும் பொருந்தும்."

"முதல்ல தண்ணி தெளியட்டும்பா."

"தெளியும். நீங்க பேசினதைக் கேட்டே பாதி மண்ணு இறங்கியிருக்கும்."

மேடம் பத்து மணிக்கு வந்தார். பாட்டிலைத் திறந்தேன். ஒரு வாடை வந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. குளோரின் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்ற மூக்கு. முதல் குடுவையில் ஒன்றும் ஊற்றவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. மற்ற ஐந்திலும் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். துடுப்புகள் சுழன்றன. அந்த நேரத்தில் நான் மேடத்துக்கு ஒரு சின்ன விரிவுரை ஆற்றினேன். விதையில் இருக்கும் புரதம் மண் துகள்களை எப்படி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்பது பற்றி. அவர் குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் மண் இறங்கக் காத்திருந்தோம். ஆறு குடுவையிலும் பால் விட்ட தேநீர் நிறம்.

மேடம் தானே அளந்தார். ஒன்றும் ஊற்றாத முதல் குடுவை நூற்று ஐம்பது. மற்றவை நூற்று நாற்பதைச் சுற்றி நின்றன. கடைசிக் குடுவை நூற்று அறுபத்து மூன்று. சும்மா இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்.

"என்ன ஆச்சு?" என்றார்.

"விதை கொஞ்சம் பழசா இருக்கலாம் மேடம்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு எளிதாக வந்தது என்று இப்போது யோசிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. பயிற்சி எடுத்துக்கொண்ட மாதிரி வந்தது.

"நான் போன வாரம் பறிச்சு அனுப்பினது," என்றாள் தங்கை, தரையைப் பார்த்து.

மேடம் நோட்டை மூடினார். "சரி. பார்த்தாச்சு. லாரிதான் போல இருக்கு." தங்கையிடம் திரும்பி, "வருத்தப்படாதீங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். சின்ன வயதில் என் மேல் கோள் சொல்வதற்கு முன்னால் அப்படி இழுத்து எச்சரிக்கை கொடுப்பாள்.

"எப்ப அரைச்ச?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாயா?"

"முதல் நாளே கரைக்கறதுதானே முறை. அவங்க ஒரு நாள் தள்ளிட்டாங்க."

"அது படிகாரத்துக்கு அண்ணா." அவள் குரல் உயரவில்லை. "நீ போன்ல சொன்னதுல இருந்து நான் தினமும் வீட்டுல பண்ணிப் பார்க்கறேன். காலைல அரைச்சதை சாயங்காலம் ஊத்தினாலே எங்க வெயிலுக்குப் பாதிதான் தெளியுது. மறுநாள் வெச்சா நாறிடுது. அப்பப்ப அரைச்சு அப்பப்ப ஊத்தணும்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

"தெரியும்னு யார் சொன்னது?"

"நீதான் சொன்ன. முக்கால் மணி நேரம்."

வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. தங்கை கையை விட்டாள். "மழைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு," என்றாள். "சின்னவளைத் தூக்கிட்டு நான் எந்தப் பாலத்தைத் தாண்டறது?"

ஆய்வகத்திலிருந்து ஜீப்புக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் என்னென்னவோ கணக்குப் போட்டேன். விதை சரியில்லை என்றே விட்டுவிட்டால் நான் நிபுணனாகவே ஓய்வு பெறலாம். இன்னும் நான்கு வருடம்தான். யாரும் கேட்கப்போவதில்லை. விதைக்கு வாய் இல்லை. இவ்வளவும் யோசித்த பிறகும் கால் நடந்துகொண்டிருந்தது. தங்கை பின்னாலேயே வந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். அதை வீரம் என்று சொல்ல முடியாது.

"மேடம், விதை மேல தப்பில்ல. என் மேலதான்."

ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார்.

"அன்னைக்கு அரைச்சதை அன்னைக்கே ஊத்தணும். நான் முந்தாநாள் அரைச்சதை ஊத்தினேன்."

"இருபத்தாறு வருஷமா கரைசல் போடறீங்க நீங்க."

"அதனாலதான் மேடம்."

அவர் என்னை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டரைக்கு எனக்குக் கூட்டம் இருக்கு."

"ஒரு மணி நேரம் போதும் மேடம்."

மேடம் இறங்கினார். "அந்தம்மா பண்ணட்டும். நீங்க சுவிட்ச் மட்டும் போடுங்க."

ஆய்வகத்தில் மிக்ஸி இல்லை. அலமாரியிலிருந்து பீங்கான் கல்வத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கை வாங்கி மூக்கருகே வைத்தாள்.

"இதுல என்ன இடிப்பீங்க?"

"பிளீச்சிங் பவுடர்."

என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். தட்டு ஒன்றும் எவர்சில்வர் தம்ளர் ஒன்றும் கேட்டாள். தரையில் உட்கார்ந்து, ஓடு உரித்து, தம்ளரின் அடிப்பாகத்தால் பருப்பை நசுக்கினாள். மேடம் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானும் பத்து விதை உரித்தார். நானும் ஒன்றை எடுத்தேன்.

"நீ வை," என்றாள் தங்கை.

வடிகட்டத் துணி வேண்டியிருந்தது. பம்ப்காரர் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "புதுசு. என் சம்சாரம் வாங்கிக் கொடுத்தது. கறை ஆச்சுன்னா படிகாரம் வீட்டுக்கு வந்து பதில் சொல்லணும்."

மாவை எடை போட்டுக் கரைத்தாள். நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம். அளவுக் குழாயை அவள் பிடித்த விதத்தைப் பார்த்தேன். வீட்டில் மருந்து ஊற்றும் மூடியில் அளந்து பழகியிருக்கிறாள். ஒரு சொட்டு கூடவில்லை. சுவிட்சைப் போட்டேன். என் பங்கு முடிந்தது.

பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் மூன்றாவது குடுவையில் மண் பொரி பொரியாகத் திரண்டது. பிறகு நான்காவதில். துடுப்பை நிறுத்தியதும் மண் இறங்கத் தொடங்கியது. மண் இறங்குவதை நான்கு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடத்தின் போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

நான்காவது குடுவை எட்டு யூனிட். மூன்றாவது பதிமூன்று. ஐந்தாவது பதினொன்று.

மேடம் நான்காவதை மறுபடி அளந்தார். எட்டுதான்.

"படிகாரம் போட்டிருந்தா நாலு வந்திருக்கும்," என்றார். "ஆனா எட்டு போதும். மணல் தாங்கும்." தங்கையிடம் கேட்டார்: "இந்தக் கணக்குக்கு உங்க தொட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு விதை வேணும் தெரியுமா? எட்டாயிரம். யார் உரிப்பாங்க?"

"வீட்டுக்கு நூறு, மேடம். எண்பது வீடு. எல்லார்கிட்டயும் பேசிட்டேன். காய்ஞ்ச காயை இப்பவே பறிச்சு வெச்சுக்குவாங்க. படிகாரம் இல்லாத நாள்ல மட்டும் காலைல உரிச்சுக் கொண்டுவந்து கொடுக்கணும். மாவு மில்லு எங்க பக்கமே இருக்கு."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ரெண்டு வீடு முடியாதுன்னுட்டாங்க. அந்த எரநூறை நான் உரிப்பேன்."

எனக்கு இது எதுவும் தெரியாது. விதை வேலை செய்யும் என்று கூட்டத்தில் சொன்னேனே தவிர, எத்தனை விதை, யார் உரிப்பது என்று நான் யோசித்ததே இல்லை. எண்பது வாசலில் போய் நின்றவள் அவள்.

மேடம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மூட வேண்டாம். மழைக்காலத்தில் படிகாரம் தீர்ந்தால் விதை. அன்று அரைத்ததை அன்றே பயன்படுத்துவது. தெளிந்த பின் குளோரின் கட்டாயம். தெளிந்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் தேக்கக் கூடாது. தயாரிப்பவர் என்ற இடத்தில் தங்கையை எழுதினார். மேற்பார்வை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். 'ஆய்வக உதவியாளர், வாரம் ஒருமுறை, பயிற்சி பெறும் பொருட்டு' என்று எழுதினார்.

சோதனைத் தாளில் முதல் ஆறு அளவுகளும் அப்படியே இருந்தன. கிழித்துவிடலாமா என்று கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: 'கரைசல் இரண்டு நாள் பழையது. தயாரித்தவர் தவறு.'

"இன்னும் சின்னதா எழுதுங்க," என்றார் மேடம். "கையெழுத்துக்கு இடம் வேணும்."

பேருந்து நிறுத்தம் வரை தங்கையோடு நடந்தேன். காலிக் கேனை நான் தூக்கிக்கொண்டேன். விதை பழசு என்று சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் வார்த்தை தேடினேன். பேருந்து வந்துவிட்டது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணா."

"என்ன?"

"கேனைக் கொடு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு ஆற்றுத் தண்ணீர் எடுத்தேன். கலங்கல் அறுபத்திரண்டு. பலகையில் முப்பத்து நான்கு என்று எழுதினேன். பத்தே முக்காலுக்குக் கோப்பு மேலிடத்துக்குப் போனது. பதில் வர இரண்டு வாரம் ஆகலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மதியம் தங்கை போன் செய்தாள். மறுத்த இரண்டு வீடுகளில் ஒன்று சரி என்றுவிட்டதாம், இன்னொன்று இல்லையாம். சின்னவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். மூன்று மணிக்கு மேகம் வந்து கலைந்தது. ஐந்தரைக்குக் கிளம்பினேன். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை.